அப்பாவுக்காகக் கதைத்தேன்

சோலோதுர்னில் குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கும். சுண்ணாம்பு கொஞ்சம் கூடுதல், கேத்தலில் வெள்ளையாகப் படியும், அவ்வளவுதான். அதில் ஃபுளோரைட் கலப்பதில்லை. சுவிஸில் இப்போது எந்த ஊரிலும் தண்ணீரில் கலப்பதில்லை, உப்பில்தான் கலக்கிறார்கள். கலக்காத உப்பும் கடையில் பக்கத்துத் தட்டிலேயே இருக்கும், விரும்பியதை எடுக்கலாம். இந்தச் சின்ன விஷயத்தை என் அப்பாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு இரண்டு வருடம் போதவில்லை.

இதை ஜெர்மனில் எழுதித் தருகிறேன் என்றுதான் முதலில் உங்களிடம் சொன்னேன். பிறகு யோசித்தேன். அம்மாவும் வாசிக்க வேண்டும். அதனால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்க ஆள் வைப்பீர்கள்தானே, நல்ல ஆளாகப் பார்த்து வையுங்கள்.

என் பெயர் லக்சாயினி. வயது இருபத்தாறு. எங்கள் இரு பக்கத்துச் சொந்தத்திலும் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இரசாயனம் படித்தேன். அப்பா ஜெகதீஸ்வரன் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் இருபத்து நான்கு வருடம் சட்டி கழுவியவர். நான் பட்டம் எடுத்த அன்று அந்தச் சான்றிதழைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, துணியால் துடைத்துவிட்டு, படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். அதையும் எழுதத்தான் வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை.

குனிந்து நிமிர முடியாத நாரி வருத்தத்தால் வேலையை விட்ட பிறகுதான் தொலைபேசி அவர் கையில் நிரந்தரமாக ஏறியது. முதலில் பூமி தட்டையானது. மேசையில் சோறு போட்டால் கதை தொடங்கும்.

"தண்ணி எண்டா மட்டமாத்தான் நிக்கும். சட்டியிலை நிக்குது, தொட்டியிலை நிக்குது. துன் ஏரியிலை மட்டும் வளைஞ்சு நிக்குமோ?"

"ஏரி பெரிசப்பா. உங்கடை கண்ணுக்கு வளைவு தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததை நம்பச் சொல்லுறாய். இதையோ படிச்சனீ?"

"நீங்கள் சிலோனிலையிருந்து பிளேனிலை வந்தனீங்கள்தானே?"

"மொஸ்கோ மட்டும் பிளேன். அதுக்குப் பிறகு லொறி. மேலை படங்கு, கீழை வெங்காயம். உருண்டையோ தட்டையோ எண்டு ஆர் எட்டிப் பார்த்தது?"

அம்மா சிரிப்பார். நானும் சிரித்தேன். அப்போது அது வீட்டுக்குள் இருந்தது.

பிறகு தண்ணீர் வந்தது. ஃபுளோரைட் மூளையை மழுக்குகிறது, அரசாங்கம் வேண்டுமென்று கலக்கிறது என்றார். சனிக்கிழமைகளில் பஸ்ஸில் போய் ஒரு மலையூற்றில் தண்ணீர்க் கான்களை நிரப்பி மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வருவார். அப்போது நான் குடிநீர் பரிசோதிக்கும் ஒரு ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம், தகுதிகாண் காலம். ஒருநாள் மேசையில் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். தண்ணீரில் இல்லை, உப்பில்தான். பல்லுக்கு நல்லதென்று போடுகிறார்கள். அளவு மிகக் குறைவு. வேண்டாமென்றால் மற்ற உப்பை வாங்குங்கள்.

அவர் அதைத் தொலைபேசியில் பதிந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. வெட்டி, ஒட்டி, தன்னைப்போல் நம்புகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதில் என் முகம் இருக்கிறது, என் குரல் சொல்கிறது: "ஓம், போடினம்." அதற்குப் பிறகு அவர் குரல்: "என்ரை மகள், தண்ணி சோதிக்கிற இடத்திலை வேலை செய்யிற பிள்ளை, தானே ஒத்துக்கொள்ளுறா." யாரோ ஜெர்மன் எழுத்தும் போட்டு வெளியே விட்டார்கள். ஒரு கிழமையில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். கூட வேலை செய்த டிலக்ஷிதான் எனக்குக் காட்டினாள். "இது உங்கடை அப்பாவோ அக்கா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அந்த மாதத்தோடு என்னை நிறுத்தினார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள்.

அப்பாவிடம் போய், எடுத்துவிடச் சொன்னேன். கத்தவில்லை.

"எடுத்தா நான் பயந்திட்டன் எண்டு சொல்லுவாங்கள் பிள்ளை."

"எனக்கு வேலை போட்டுது அப்பா."

"உண்மையைச் சொன்னா வேலை போகும் எண்டு அவங்களே காட்டிப்போட்டாங்கள் பாத்தியோ."

அதையும் குழுவில் சொன்னார்.

பெப்ரவரியில் கான் தூக்கிக்கொண்டு படியேறும்போது இரண்டாம் மாடியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வரவில்லை. இருதய வால்வு சுருங்கியிருக்கிறது என்றார்கள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்கிறோம் என்று கடிதம் வந்தது. அப்பா மறுத்தார். "வெளியாக்கள் என்னத்துக்கு? என்ரை மகள் இருக்கிறா." எட்டு வயதிலிருந்து இந்த வீட்டுக்காகக் கதைப்பவள் நான். வதிவிட அனுமதி, வீட்டு வாடகை, அம்மாவின் பல், என்னுடைய பள்ளிக்கூடக் கூட்டம்கூட. இங்கே எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். எந்த இடத்திலும் எங்கள் வீட்டு இலக்கம் என்று இருப்பது என் தொலைபேசி இலக்கம்தான்.

வைத்தியர் படம் கீறிக் காட்டினார். வால்வை மாற்றினால் நன்றாக இருப்பார், மாற்றாவிட்டால் அதிக காலம் சொல்ல முடியாது, சில மாதமாகவும் இருக்கலாம். இதை நான் அப்பாவுக்குச் சரியாகவே சொல்லத் தொடங்கினேன். பாதிவரை சொன்னேன். ஒபரேசன் என்ற சொல் வந்ததும் அவர் என் கையைப் பிடித்தார்.

"செய்யச் சொல்லு பிள்ளை. எனக்குப் பயமாக் கிடக்கு."

இரண்டு வருடமாக ஒரு வைத்தியரையும் நம்பாத மனிதர். படித்தவன் எல்லாம் விற்கப்பட்டவன் என்று என் முகத்தை வைத்தே நாற்பதாயிரம் பேருக்குக் காட்டியவர். தன் நெஞ்சு என்று வந்ததும் ஒரு நிமிடத்தில் நம்பிக்கை வந்துவிட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நியாயமாகப் படவில்லை என்று சொல்வேன்.

வைத்தியரிடம் திரும்பி, அப்பா விரும்பவில்லை என்றேன். மருத்துவத்தில் நம்பிக்கை இல்லாதவர் என்றேன். பூமி தட்டை என்று நம்புகிறவர் என்றேன். வைத்தியர் இரண்டாம் தரமும் கேட்டார், மூன்றாம் தரமும் கேட்டார். நல்ல மனிதர், அவர்மேல் பிழை இல்லை. கடைசியில், ஒபரேசன் வேண்டாம் என்று ஜெர்மனில் எழுதிய ஒரு படிவம் தந்தார். அதை அப்பாவின் முன்னால் வைத்து விரலால் இடத்தைக் காட்டினேன். அப்பா கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் சொன்னேன்: ஒபரேசன் தேவையில்லையாம், குளிசை போதுமாம், ஆறு மாதம் கழித்து வரட்டாம்.

"கனநேரம் கதைச்சவர். வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"பூமி தட்டையோ எண்டு கேட்டவர்."

வாய்விட்டுச் சிரித்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நினைத்து நினைத்துச் சிரித்தார். பின்னேரம் குழுவில், ஆஸ்பத்திரியே பின்வாங்கிவிட்டது, மலையூற்றுத் தண்ணீர் வேலை செய்கிறது என்று போட்டார். குடும்ப வைத்தியர் இரண்டு தரம் அழைத்தார். அப்பா இன்னும் மறுக்கிறார் என்று சொன்னேன். அம்மா கேட்டபோதும் குளிசை போதும் என்றேன்.

என்னைக் கொடியவள் என்று எழுதாதீர்கள். நான் அவருக்கு ஒரு சந்தர்ப்பம் வைத்திருந்தேன். அந்த வீடியோவை அவர் எடுத்துவிட்டால் மருத்துவமனைக்கு அழைத்து, அப்பா மனம் மாறிவிட்டார் என்று சொல்வதாக எனக்குள் முடிவு செய்திருந்தேன். அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பயத்தில் எடுப்பார். மகளுக்காக எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பியதும் அது இருக்கிறதா என்று பார்ப்பேன்.

அப்பா மே மாதம் இருபத்தொன்றாம் திகதி பஸ் தரிப்பிடத்தில் விழுந்து இறந்தார். மருத்துவமனையிலிருந்து அம்மாவுக்கு அனுதாபக் கடிதம் வந்தது. அப்போது நான் வீட்டில் இல்லை. கீழ்வீட்டு யோகராஜா மாமாதான் வாசித்துச் சொன்னார்: உங்கள் கணவரின் முடிவை மதித்தோம் என்று எழுதியிருக்கிறதாம். அம்மா, "என்ன முடிவு? குளிசை போதும் எண்டு வைத்தியர்தானே சொன்னவர்" என்று கேட்டிருக்கிறார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

பொலிஸ் விசாரணைக்காக நீங்கள் அப்பாவின் தொலைபேசியை எடுத்துப் பார்த்திருப்பீர்கள். அதனால் இதையும் நானே எழுதுகிறேன். மே பத்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அந்த வீடியோவை அவர் எடுத்துவிட்டார். வெளியே விட்டவனோடும் சண்டை போட்டு அதையும் எடுப்பித்திருக்கிறார். எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "எல்லாம் எடுத்திட்டன் பிள்ளை. இனி அங்கை போய் வேலை கேட்டுப்பார். அப்பா சொன்னது பிழை எண்டு சொல்லு."

அதை நான் அன்று காலையிலேயே வாசித்தேன். பதினொரு நாள் இருந்தது. அந்தச் செய்தியில் மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே அழைத்திருப்பேன்.