சத்தம் போடாத சூப்பு

— அந்த வெள்ளரிக்காயைக் கீழ வைங்க. வச்சிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. மத்தியானம் யார் வந்தா?

— யாரும் வரலம்மா. வேலை முடிஞ்சு வந்ததும் வராததுமா என்ன இது? தோள்ல இருந்து பையக்கூட இன்னும் இறக்கல நீ.

— பை இருக்கட்டும். தொட்டியில ரெண்டு கிண்ணம், ரெண்டு ஸ்பூன் கிடக்கு. வீட்டுல இருந்தது நீங்க ஒரு ஆளு. இடிக்குதே.

— ரெண்டும் நான் குடிச்சதுதான்.

— ஓஹோ. ஒரு வாய்க்கு ரெண்டு கிண்ணமா?

— பொறு, பொறு. ஒண்ணை ஒரு விதமாப் பண்ணிப் பார்த்தேன், இன்னொண்ணை வேற விதமா. புதுக் கயிறு மாட்டின லிஃப்ட்டை நாலு தடவை சும்மா ஏத்தி இறக்கிப் பார்க்காம உள்ள ஆளை விடுவேனா? அந்த மாதிரிதான்.

— லிஃப்ட் மெக்கானிக் லிஃப்ட்டைப் பார்க்கணும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து டீத்தூள் டப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டிருந்த மனுஷன், நாலு நாளா லீவு போட்டு சூப்பு பண்றீங்க. அதுவும் அடுப்பே பத்த வைக்காத சூப்பு. கேட்டா வெயிலாம்.

— வெயில் இல்லையா? ஃபேனைப் போட்டா அனல் இறங்குது. சில்லுனு ஏதாவது உள்ள போனாத்தான் மனுஷன் மனுஷனா இருக்கான்.

— போன வருஷமும்தான் வெயில் அடிச்சது. அப்போ ஐஸ் தண்ணியக் குடிச்சிட்டுக் கவுந்து படுத்துக் கிடந்தீங்க. இப்போ என்னையும் தினமும் ரெண்டு ரெண்டு கிண்ணமா குடிக்க வைக்கிறீங்க. நீலத்துல கொஞ்சம், வெள்ளையில கொஞ்சம், எது நல்லா இருக்கு சொல்லுன்னு. என்னத்தக் கலக்குறீங்களோ, யாரு கண்டா.

— உன்னைக் கொல்லணும்னா நான் ஏன் வெள்ளரிக்காய் சீவிக்கிட்டு நிக்கிறேன்?

— சிரிப்பு வரல. என் காதுல பூ சுத்தாதீங்க.

— சரி, சிரிக்க வேணாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு உன் கேண்டீன்ல கோடை மெனுவுக்கு இதே சூப்பைத்தானே பண்ணிக் காட்டணும்? அதுக்குத்தான் வீட்டுல ஒரு ஒத்திகை.

— பண்றது மட்டும் இல்ல. மேனேஜரும் கமிட்டி ஆளுங்க அஞ்சு பேரும் வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. தலைமைச் சமையல்காரி அவங்க கண் முன்னாடி வாயில வச்சுப் பார்த்து, இதுல இது குறை, இது கூடன்னு சொல்லணும். சரியாச் சொன்னா நான் நான்தான். உளறினா இருபத்திரெண்டு வருஷ வேலை அந்த மேஜையிலேயே போச்சு. அது என் தலைவலி. அதுல நீங்க எதுக்கு மூக்கை நுழைக்கிறீங்க?

— உன் தலைவலி எனக்கு வலிக்காதா?

— ஐய, சினிமா வசனம். நீங்கதான் பண்றீங்கன்னா இப்போ என் கண் முன்னாடி பண்ணுங்க. நான் இந்த ஸ்டூலை விட்டு நகர மாட்டேன். வேற யாரோ வந்து பண்ணிக் கொடுத்துட்டுப் போறாங்களான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

— தாராளமாப் பாரு. வெள்ளரிக்காய், தோலைச் சீவியாச்சு. நீளவாக்குல ரெண்டாப் பிளந்து, விதையை ஸ்பூனால வழிச்சுப் போட்டுடணும்.

— ஏன்?

— விதை இருந்தா தண்ணி விட்டுடும். சூப்பு நீர்த்துப் போயிடும்.

— அட, பாருடா. இது யார் பாடம்?

— தக்காளி நல்லாப் பழுத்தது, காம்புப் பக்கத்தை வெட்டிட்டேன். சிவப்புக் குடமிளகாய் ஒண்ணு. நேத்து மிஞ்சின ரொட்டி, ஓரத்தை எடுத்துட்டுத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு வச்சிருக்கேன், அது போட்டாத்தான் சூப்பு கெட்டியா நிக்கும். பூண்டு மட்டும் அரைப் பல்லு. பச்சையாப் போடுறதால அதுக்கு மேல போனா மத்த எல்லாத்தையும் அமுக்கிடும்.

— இந்தப் பேச்சு உங்க பேச்சே இல்ல. "அமுக்கிடும்" எல்லாம் அடுப்படியில வெந்தவங்க வாயில வர்ற பேச்சு. சொல்லுங்க, யாரு அவ?

— மிக்ஸியப் போடறேன், சத்தத்துல கேட்காது.

— போடுங்க, போடுங்க. எவ்வளவு நேரம் ஓடும்னு நானும் பார்க்கிறேன்... நிறுத்துங்க. போதும். அரைஞ்சிடுச்சு.

— மூடியே திறக்கல, எப்படிச் சொல்ற?

— சத்தம் மாறிடுச்சே. கடகடன்னு இருந்தது விர்ருன்னு ஆயிடுச்சு. எனக்கு எல்லாமே சத்தம்தான். வெங்காயம் வதங்கினா எண்ணெய் அடங்கும். கொதி வந்தா மூடி பேசும். தீயப் போகுதுன்னா அடியில சடசடக்கும். கண்ணைக் கட்டி விட்டாலும் ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போடுவேன்.

— மூக்கைக் கட்டி விட்டா?

— என்னது?

— ஒண்ணும் இல்ல. வடிகட்டியை எடு.

— என்னமோ சொன்னீங்க. இந்தாங்க வடிகட்டி. கூடவே இதையும் பிடிங்க.

— இது எங்க கிடைச்சது உனக்கு?

— எங்க கிடைக்கும்? உங்க சட்டைப் பையில. நேத்து துவைக்க எடுத்தேன். எப்போ நீங்களாச் சொல்லுவீங்கன்னு ஒரு நாள் பூராப் பொறுத்துப் பார்த்தேன். படிக்கட்டுமா? "தக்காளி மூணு கிலோ. வெள்ளரிக்காய் ரெண்டு கிலோ. எலுமிச்சம்பழம் எட்டு, சாறு நூத்தி அறுபது மில்லி. உப்பு, அரைக்கும்போது நாற்பது கிராம். நல்லாக் குளிர்ந்த பிறகு இன்னும் பதினஞ்சு கிராம்." எந்தச் சமையல்காரி உப்பைக் கிராம் கணக்குல எழுதுவா? மருந்துச் சீட்டு மாதிரி.

— குளிர்ந்தா நாக்குல உப்பு மங்கித் தெரியும். அதனாலதான் ரெண்டு தடவையாப் போடுறது.

— உப்பு எப்படியோ மங்கட்டும். என் கண்ணு மங்கல. எலுமிச்சம்பழத்துல இந்த 'ழ'வைப் பாருங்க, வாலை இழுத்து அடுத்த வரி வரைக்கும் விட்டிருக்கா. ஸ்டோர் ரூம் நோட்டுல தினமும் இதைப் பார்த்துத்தான் நான் கையெழுத்துப் போடுறேன். இது ஒட்டடைக்குச்சி எழுத்து.

— யாரு?

— நடிக்காதீங்க. எட்டு மாசத்துக்கு முன்னாடி எனக்குக் கீழ உதவிக்குன்னு வந்து சேர்ந்தாளே, நெடுநெடுன்னு, ஊதினா ஒடிஞ்சு விழற மாதிரி. இந்த மூணு மாசமா நான் பாத்திரத்தை இறக்கி வச்சாப் போதும், பின்னாடியே கரண்டியோட வந்து நிப்பா. முக்கிப் பார்த்து ஒரு வாய். அடுத்த பாத்திரம், இன்னொரு வாய். நான் ஆக்கினதை எனக்குப் பின்னாடி நின்னு ருசி பார்க்கிறா. எனக்குத் தெரியாதா, என் இடத்து மேல கண்ணு அவளுக்கு. இப்போ என் வீட்டு மேலயும் கண்ணு வச்சுட்டாளா?

— வாயைக் கழுவு. உன் தங்கச்சி வயசு அந்தப் பொண்ணுக்கு.

— மொட்டை மாடியில போய் நாலு நாளா யார்கிட்ட குசுகுசுன்னு பேசுறீங்க?

— அந்தப் பொண்ணுகிட்டதான்.

— ஒத்துக்கிட்டீங்களா! இவ்வளவு தைரியமா!

— முழுசாச் சொல்றேன். ஒரு வார்த்தை ஒளிக்க மாட்டேன். ஆனா இதைக் குடிச்சுப் பார்த்த பிறகுதான் சொல்லுவேன்.

— எனக்கு இப்போ சூப்பு தொண்டையில இறங்குமா?

— இறங்கணும். பாரு, பெரிய பாத்திரத்துல ஐஸ், அதுக்குள்ள சூப்புப் பாத்திரம். கிண்டிக்கிட்டே இருந்தா பத்து நிமிஷத்துல சில்லுனு ஆயிடும்.

— கிண்டுங்க. அந்தப் பத்து நிமிஷமும் உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

— பார்த்துக்கோ... ம், ஆயிடுச்சு. பாத்திரமே வேர்க்குது. இப்போ நீலக் கிண்ணம், வெள்ளைக் கிண்ணம். உப்பு டப்பாவைத் திறக்கிறேன். நீலத்துக்கு அரை ஸ்பூன். வெள்ளைக்கும் அரை... அடடா.

— கொட்டிட்டீங்க. வெள்ளையில ஒரு ஸ்பூனுக்கு மேல விழுந்துடுச்சு.

— விழட்டும். கலக்கிட்டேன். குடிச்சுப் பார்த்துச் சொல்லு.

— நீங்க முதல்ல குடிங்க.

— நாளைக்கு மேனேஜர்கிட்டயும் அப்படியா சொல்லப் போற? நீங்க முதல்ல குடிங்கன்னு?

— ஏன் இப்படிப் பார்க்கிறீங்க? கொடுங்க இங்க. ம்... நீலம் சரியா இருக்கு. உப்பு கச்சிதம். வெள்ளை கரிக்குது, வாயில வைக்க முடியல. போதுமா?

— நல்லாத் தெரியுதா?

— இருபத்திரெண்டு வருஷ நாக்குங்க இது.

— இன்னொரு வாய் குடிச்சுப் பாரு.

— எத்தனை வாய் குடிச்சாலும் கரிக்கிறது கரிக்கிறதுதான்.

— அந்த டப்பாவுல இருக்கிறது உப்பு இல்லம்மா. மிக்ஸியில ஒரு சுத்து சுத்தின சர்க்கரை. ரெண்டு கிண்ணத்துலயும் உப்பே கிடையாது. வெள்ளை பாயசம் மாதிரி இனிக்குது.

— விளையாடாதீங்க.

— நான் விளையாடல. நான் கொட்டினதைக் கண்ணால பார்த்த, கரிக்குதுன்னு சொன்ன. முதல் நாள் பூண்டே நாலு பல்லு போட்டேன், பிரமாதம்னே. அடுத்த நாள் பாகற்காய்ச் சாறு விட்டேன், புதினா தூக்கலா இருக்குன்னே. நேத்து வெறும் தக்காளித் தண்ணி, நிறம் நல்லா வந்திருக்குன்னு பாராட்டின. சுடச்சுட ஆக்குறதுல எண்ணெயும் கொதியும் உனக்குக் காட்டிக் கொடுத்துடும். இந்தச் சூப்பு சத்தம் போடாது. புகையாது. நாக்கு மட்டும்தான் சொல்லணும்.

— மூடி வைங்க அந்த டப்பாவை.

— மூடிட்டேன். நீ பேசு.

— என்னத்தப் பேச? மூணு மாசத்துக்கு முன்னாடி படுத்துக் கிடந்தேனே, அந்தக் காய்ச்சல்ல போனதுங்க. காய்ச்சல் விட்டுப் போச்சு, நாக்கு திரும்பி வரல, மூக்கும் வரல. காலைல எழுந்ததும் ஒரு கல்லு உப்பை வாயில போட்டுப் பார்ப்பேன். மணலை மெல்ற மாதிரி இருக்கும். தினமும் பார்ப்பேன். பயமா இருக்குங்க. ரொம்பப் பயமா இருக்கு.

— என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவீங்க. அவர் சீட்டுல எழுதுவார். எழுதினா ஆபீஸுக்குப் போகும். ருசி தெரியாத சமையல்காரியை எவன் வச்சுக்குவான்? அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். உங்க மேல பாய்ஞ்சா நீங்க என்னைக் கவனிக்க மாட்டீங்கன்னு... சீ, விடுங்க. அப்போ மத்தியானம் அந்த ரெண்டு கிண்ணம்?

— நிஜமாவே நான்தான். இந்தச் சீட்டுல இருக்கிற அளவு சரியா வருதான்னு நாலு நாளா பாதி, கால்னு குறைச்சுப் பண்ணிப் பார்க்கிறேன். இன்னிக்கு ரொம்பச் சரியா வந்தது. கிராமா எழுதிட்டா நாக்கு வேணாம், தராசு போதும். நாளைக்கு நீ இதே அளவுல போடு, வாயில வை, ஒரு குறையும் இல்லைன்னு சொல்லு. பொய்யா இருக்காது. அப்புறம் நாம டாக்டரைப் பார்ப்போம்.

— அப்போ அவளுக்குத் தெரியும். ஐயோ, போச்சு. பத்து மணிக்கு முன்னாடியே மேனேஜர் காதுல போட்டுடுவா. மூணு மாசமா கரண்டியைத் தூக்கிக்கிட்டு என் பின்னாடியே சுத்தினது இதுக்குத்தான்.

— நாளைக்கு எல்லாரும் உன்னையே பார்த்துக்கிட்டிருப்பாங்க, கிட்ட வர முடியாது, அக்காவைக் காப்பாத்த வேற வழி தெரியலன்னு போன்ல என்கிட்ட அழுதவ அவ. மூணு மாசமா உன் பின்னாடி சுத்தினது நிஜம்தான். நீ போட மறந்த உப்பை, நீ திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள ஒவ்வொரு பாத்திரத்துலயும் போட்டுக்கிட்டே சுத்தியிருக்கா.