உதட்டோரத்து மச்சம்

ஒயிட்னர் வாங்கும்போது பாட்டிலைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து வாங்க வேண்டும், தம்பி. உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் காய்ந்துபோன சரக்கை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். இத்தனை வருஷமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன், ஒயிட்னர் விஷயத்தில் மட்டும் என்னை யாரும் ஏமாற்றியதில்லை.

உட்காருங்கள். அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடும். படத்தை இப்படி மேஜைமேல் வையுங்கள். "அக்கா, இந்த மச்சம் யாரோடது?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தீர்கள். வாசலில் நின்று கேட்கிற கேள்வியா அது? போகட்டும். என் உதட்டோரத்தில் இருப்பது, நாள் முழுக்க அடுத்தவர் தோலைப் பார்த்துப் பச்சை குத்துகிற உங்கள் கண்ணில் படாமல் வேறு யார் கண்ணில் படும்? என்னுடையதுதான். மூக்கும் என்னுடையதுதான். நெற்றியையும் பார்த்துவிட்டால் உங்களுக்கு வேலை மிச்சம்.

நம் கூட்டத்தின் விதி உங்களுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் சொல்கிறேன், அதை வகுத்தவள் நான். ஒருவர் ஒரு பாத்திரத்தைப் படைத்து வரைய வேண்டும். அடுத்தவர் அதற்கு ரசிகராகி, தன் பாணியில் மறுபடி வரைய வேண்டும். அதைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து மற்றொருவர். முதல் படம் யார் கண்ணிலும் படக்கூடாது, முந்தினவர் வரைந்ததன் நகல் மட்டும்தான் கைக்கு வரும். முதல் படங்கள் எல்லாம் என் அலமாரியில் இருக்கும். சுற்று முடிந்ததும் மாடி அறையில் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவோம். கணக்கு வாத்தியாரின் வீரப் பூனை நாலு கை மாறி சோபாவாகிப் போனது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இதில் என் வேலை என்ன? நகல் எடுப்பது, உறையில் போடுவது, நேரத்துக்குத் தராதவர்களிடம் ஃபோனில் கெஞ்சுவது. எனக்கு வரைய வராது. வட்டம் போட்டால் உருளைக்கிழங்கு வரும். வரையாதவளுக்குப் பாத்திரம் கிடையாது, பாத்திரம் இல்லாதவளை யார் வரையப் போகிறார்கள்? பூனையை வரைந்தீர்கள், குடையை வரைந்தீர்கள், ஒரு பல்செட்டைக்கூட ஆசை ஆசையாக வரைந்தீர்கள். "உங்க முகத்த வரையட்டுமாக்கா" என்று ஒருத்தர் வாய் திறக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. மனசு வலித்தது, அதைச் சொல்கிறேன்.

அப்போதுதான் நர்ஸ் வந்து சேர்ந்தாள். கையில் ஒரே ஒரு படம். ஒன்பது வயதுப் பெண், சிங்கப்பல் தெரியச் சிரிக்கிறாள். ஒரு காது முன்னால் மடிந்திருக்கிறது, வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

"என் தங்கச்சிக்கா," என்றாள். "வீடு எரிஞ்சப்ப போயிட்டா. அவளோட போட்டோ ஒண்ணுகூட மிஞ்சல. முகம் வேற மறந்துகிட்டே வருது. முழுசா மறக்கறதுக்குள்ள வரைஞ்சுட்டேன். நாலு பேரு கை பட்டா அவ இன்னும் கொஞ்ச காலம் இருப்பா இல்ல?"

நான் அழுதுவிட்டேன். உண்மையாகவே அழுதேன், வேண்டுமானால் அவளையே கேளுங்கள். "இது ஒண்ணுதான் இருக்கு, பத்திரம்க்கா," என்றாள். ஒரு நகல் எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாம்தான். மெஷின் அன்றைக்குச் சூடாக இருந்தது.

முதலில் வாத்தியாருக்கு அனுப்ப நகல் எடுத்தேன். அந்த மடிந்த காது கண்ணை உறுத்தியது. மூலத்தில் நான் கை வைக்கவில்லை, அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. நகலில்தான் ஒரு சொட்டு ஒயிட்னர், அதன்மேல் பேனாவால் ஒரு கோடு. அதை மறுபடி நகல் எடுத்துவிட்டால் பூசின தடமே தெரியாது. வரைய வராத எனக்கு அந்த அளவுக்குக் கை ஓடியது ஆச்சரியம்தான். வாத்தியார் அவளைக் கப்பல் தலைவியாக வரைந்து கொடுத்தார், காது நிமிர்ந்து அழகாக இருந்தது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அடுத்த முறை புருவத் தழும்பு போனது. உதட்டோரத்தில் ஒரு புள்ளி வந்தது. கடுகளவுகூட இருக்காது, மெஷின் கண்ணாடியில் தூசி என்று நினைத்து நீங்கள் விட்டிருக்கலாம். அந்த நகல் வந்தது உங்களிடம்தானே? கயிற்றின்மேல் நடக்கிற சர்க்கஸ்காரியாக வரைந்து, அந்தப் புள்ளியை மிளகு அளவுக்கு ஊதி, எடுப்பாக வைத்தவர் நீங்கள். நான் கடுகு போட்டேன், மிளகாக்கியது நீங்கள்தான், தம்பி. அதை நான் ஒருபோதும் குற்றமாக நினைத்ததில்லை.

பிறகு கேக் கடைக்காரர் கன்னத்தை உப்பலாக்கினார். மூக்கையும் நெற்றியையும் சிங்கப்பல்லையும் நான் சரிசெய்தேன். கடைசியாகத் தையல்காரி, அந்தப் பெண் இன்று இருந்தால் எப்படி இருப்பாள் என்று யோசித்து, கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுக்காரியாக வரைந்து கொண்டுவந்தாள். உறையைப் பிரித்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறந்ததிலிருந்து என்னை யாராவது அவ்வளவு அக்கறையாகப் பார்த்திருப்பார்களா என்று தோன்றியது.

சிக்கல் என்னவென்றால், பக்கத்தில் முதல் படத்தை மாட்ட வேண்டும். அலமாரியைத் திறந்து அந்தச் சிறுமியைப் பார்த்தேன். மடிந்த காது, வெட்டுப் புருவம், சிங்கப்பல். கடைசிப் படத்துக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நர்ஸ் எவ்வளவு சங்கடப்படுவாள்? அதனால் தாளைத் துண்டாக்குகிற மெஷினில் விட்டேன். மெல்லிய தாள், சத்தமே வரவில்லை. ஏசித் தண்ணீர் ஒழுகி அலமாரி நனைந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். நம்பும்படி இருக்கட்டும் என்று வாத்தியாரின் பூனையையும் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தேன். பாவம், அவர் இன்றைக்கும் ஏசி மெக்கானிக்கைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருக்கிறார்.

நர்ஸ் அழவில்லை. கடைசிப் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இவதான். ஆமா, இவதான். காது மடிஞ்சிருக்கும்னு நெனச்சேன். இல்ல போலிருக்கு, நாந்தான் தப்பா ஞாபகம் வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். பின்னால் நான் நின்றிருந்தேன். அவள் கை தன்னால் நீண்டு என் கன்னத்தைத் தொட்டது.

அன்று முதல் விடுமுறை நாளானால் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். "சாப்பிட்டியாடி?" என்று கேட்கிறாள், தலை வாரிவிடுகிறாள், நான் தும்மினால் திட்டுகிறாள். நான் அவளுக்கு மூத்தவள். ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. வயசு குறைந்த மாதிரிகூட இருக்கிறது.

நாளைக் காலை அவள் உங்களிடம் வருவது எனக்கும் தெரியும். முழங்கைக்குக் கீழே இந்த முகத்தைக் குத்திக்கொள்ளப் போகிறாள், இடத்தைக்கூட என்னிடம் கேட்டுத்தான் முடிவு செய்தாள். குத்தினால் சாகும்வரை போகாது, அதனால் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்கிறீர்கள். சொல்லலாம். சொன்னால் அவளிடம் என்ன மிஞ்சும்? பழைய முகம் குப்பை வண்டியில் போய் எத்தனையோ நாளாயிற்று. அவள் மனசிலும் அது இல்லை, அந்த இடத்தில் இப்போது நான் இருக்கிறேன். இதையும் பிடுங்கிக்கொண்டால் அவள் தங்கையை இரண்டாம் முறை இழப்பாள். அவ்வளவு கல்நெஞ்சம் எனக்குக் கிடையாது. உங்களுக்கு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். மச்சத்தைப் பெரிதாக்கியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஏன் இப்படி வியர்க்கிறது உங்களுக்கு? ஃபேனைக் கூட்டி வைக்கிறேன். இந்தாருங்கள், தண்ணீர் குடியுங்கள்.

படத்தை எடுத்துக்கொண்டு போங்கள், நல்லபடியாகக் குத்திவிடுங்கள். ஒரே ஒரு திருத்தம் மட்டும் இருக்கிறது. தையல்காரி தன்னிஷ்டத்துக்கு ஓர் இரட்டைத் தாடையைப் போட்டு வைத்திருக்கிறாள், பாருங்கள். நான் யாருக்கும் அப்படி ஒரு கோடு போட்டுக் கொடுக்கவில்லை, எங்கே பார்த்து வரைந்தாளோ தெரியவில்லை. அதை மட்டும் எடுத்துவிடுங்கள், ஒயிட்னர் வேண்டுமானால் தருகிறேன். எங்கள் இரண்டு பேருக்குமே அது கிடையாது.