மதினிக்குப் படித்துக் காட்டியது

எனக்கு நல்ல குரல் என்று தென்காசியில் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். மார்கழியில் கோவில் மைக்கில் பாட என்னைத்தான் கூப்பிடுவார்கள். தொண்டை கட்டிவிடும் என்று நான் ஐஸ்கிரீம்கூடச் சாப்பிடுவதில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்கிறீர்கள், ஷமீம் பானு மேடம். சொல்கிறேன். ஊருக்கெல்லாம் வலியைத் தாங்க மனப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற நீங்களே இப்படிப் படபடப்பாக இருப்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே கல்யாணசுந்தரி, என் அண்ணன் பெண்டாட்டி, அவளைப் பற்றி நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். பிள்ளை இல்லை என்று புகுந்த வீட்டார் என்னைத் திருப்பி அனுப்பியபோது, வாசலுக்கு வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் மதினிதான். ஒரு சொல் கேட்கவில்லை. ஆனால் அது அவள் வீடு. அவள் சொன்ன குழம்பை அவள் சொன்ன சட்டியில் வருஷக்கணக்காக வைத்தேன். தங்கமான மனுஷியின் கீழே இருப்பதும் கீழே இருப்பதுதான்.

மூன்று சாரல் பருவத்துக்கு முன்னால் ஐந்தருவியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் பட்ட அடி ஆறிவிட்டது, வலி மட்டும் போகவில்லை. அவள் படுத்தாள், நான் எழுந்தேன். என்ன சமைப்பது என்று அண்ணன் என்னைக் கேட்டான். அவளைத் தூக்கி உட்கார வைத்தேன், துணி மாற்றினேன், தலை சீவிவிட்டேன். கல்யாண வீடுகளில் “நாத்தனான்னா இப்படில்லா இருக்கணும்” என்று என்னைக் கைபிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வாழாவெட்டி என்று என்னை யாரும் சொல்லாமல் இருந்தது அந்தக் காலத்தில்தான்.

பிறகு டாக்டர் நரம்பு மாத்திரை எழுதி, உங்களிடமும் அனுப்பினார். புண் ஆறிய பிறகும் மூளை பழைய அபாயச் சங்கை ஊதிக்கொண்டே இருக்கிறது, அதைப் பழக்கித்தான் அடக்க வேண்டும் என்றீர்கள். வலிக்கிறதா என்று வீட்டில் யாரும் கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது, கேட்கக் கேட்க மூளை அங்கேயே போய் நிற்கும் என்றீர்கள். நான் கவனமாகக் கேட்டேன். நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையையும் நான் மறக்கவில்லை.

குணமானால் என்ன செய்ய ஆசை என்று அவளைக் கேட்டீர்கள். மற்றவர்கள் கோவிலுக்குப் போகணும், மாடி ஏறணும் என்பார்களாம். மதினி வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்.

“எம் மவ முழுகாம இருக்கா. பொறக்குத பிள்ளைய எங்கால்ல போட்டு நானே குளிப்பாட்டணும்.”

தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை இரண்டு காலுக்கு நடுவே கிடத்தி, குனிந்து எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது, நல்ல இடுப்புக்காரிகளையே படுத்திவிடும். அந்த வேலை எனக்குத்தான் வரும் என்று நான் எண்ணியிருந்தேன். என் காலில் ஒரு பிள்ளை கிடந்ததில்லை. அந்த நிமிஷம் அவளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அதை உங்களிடம் மறைப்பானேன்.

மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்து வேலை செய்தன. அவள் எழுந்து நடந்தாள். தலையணையைக் காலில் போட்டுக் குனிந்து பழகினாள். சட்டியைத் திறந்து பார்த்து, உப்புக் குறைவு என்றாள். உங்கள் குரலில் பதிவு செய்து கொடுத்த பயிற்சி மட்டும் அவளுக்கு ஒட்டவில்லை, டிவியில் செய்தி படிக்கிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். வீட்டில் யாராவது நம் பேச்சில் சொன்னால் இன்னும் நல்லது என்றீர்கள். சொல்லிவிட்டு என்னைத்தான் பார்த்தீர்கள், பயிற்சியை எழுதிய தாளையும் என்னிடமே கொடுத்தீர்கள்.

மாத்திரையில் நான் ஒரு நாளும் கை வைத்ததில்லை. வேளை தவறாமல் என் கையாலேயே கொடுத்தேன். அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நீங்கள் சொன்னபடியே படித்தேன். கண்ணை மூடுங்க மதினி, மூச்சு மெல்ல உள்ள போவுது, கால் விரல் தளருது, கணுக்கால் தளருது. அவள் முகம் பச்சைப்பிள்ளை முகமாக இளகிவிடும். அப்படி ஒருத்தி என் குரலுக்குத் தன்னை ஒப்படைத்துக் கிடப்பதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. ஒரு வாரம் கழித்து கொஞ்சம் சேர்த்தேன். அதே குரலில்தான்.

“இடுப்புக்கு வரும்போ மட்டும் பையப் போங்க மதினி. அங்கன ஒரு நரம்பு இழுத்துக்கிட்டு நிக்கு. குனிஞ்சா அது விண்ணுன்னு தெறிக்கும்.”

சங்கை அடக்கலாம் என்றால் ஊதவும் செய்யலாம். இது எனக்கே தோன்றும்போது படித்த உங்களுக்குத் தோன்றாமலா இருக்கும்? தோன்றியிருந்தால் என்னிடம் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

வலி திரும்பி வந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மதினிக்கு நாக்குக் குழறியது, சோற்றில் கை வைத்தபடியே தூங்கினாள். நாந்தான் சரியாச் செய்யலையோ என்று அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டு, நல்லாத்தான் செய்யுதீங்க, இன்னும் ஆழமாக் கேளுங்க என்றேன். கேட்டாள். சொன்னால் அப்படியே கேட்பாள், அவள் சுபாவம் அது.

மகள் முத்துவடிவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அவ்வளவு வலியிலும் மதினி விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். வடிவு பிள்ளையைக் கொண்டுவந்து அவள் காலில் கிடத்தினாள். நான் பக்கத்தில் செம்போடு உட்கார்ந்தேன். எண்ணெய் தேய்த்தாள், நன்றாகவே தேய்த்தாள். அண்ணன் நடையில் நின்று பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்னை யாரும் பார்க்கவில்லை.

நான் தண்ணீர் மொண்டு வைத்துவிட்டு அவள் காதருகில் குனிந்து, படிக்கிற குரலில், “அந்த நரம்பு இழுக்கு மதினி” என்றேன்.

அவள் கால் வெட்டி இழுத்தது. எண்ணெய் உடம்பு, பிள்ளை வழுக்கித் தலைகீழாகப் போனது. என் கை அங்கே இருந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டு முன்னாலேயே கையை நீட்டி வைத்திருந்தேன். எப்போது விழும் என்று எனக்குத் தெரியும் அல்லவா? அப்படியிருக்க, பிள்ளையின் உயிரோடு விளையாடினேன் என்று நீங்கள் சொல்வது நியாயமில்லை.

மதினி தன் காலையே பார்த்தாள். பிறகு மகளிடம் சொன்னாள்.

“பிள்ளைய அத்தைகிட்டயே குடுட்டி. எங்கால நம்பாத.”

அதற்குப் பிறகு அவள் பிள்ளையைத் தொடவில்லை. பக்கத்தில் கொண்டுபோனால் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். நான்தான் தினமும் குளிப்பாட்டுகிறேன். சாம்பிராணி போடுகிறேன். என் காலில் கிடந்து அது சிரிக்கிறது.

சற்று முன், வீட்டில் பயிற்சி எப்படிப் போகிறது என்று நீங்கள் அவளைக் கேட்டீர்கள். எங்க ஸ்ரீமதி எவ்வளவு அழகாச் சொல்லுதா, கேளுங்க என்று என்னைக் காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் ஒப்பித்தாள். அந்த இடம் வந்தபோது அவள் கை தானாக இடுப்புக்குப் போனதை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நீங்கள் அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள்.

ஆமாம், அந்த வலியை நான்தான் வரவழைத்தேன். தெரிந்தே, நாள் தவறாமல் செய்தேன். அவளிடம் சொல்லப்போகிறேன் என்கிறீர்கள், சொல்லுங்கள். அவள் நம்பமாட்டாள். நம்பினாலும் என்னைத்தான் கூப்பிட்டு உண்மையா என்று கேட்பாள், நான் இல்லை என்பேன். என் குரல் அவளுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

எனக்கு இருந்த கவலை வேறு. அடுத்த மாதம் வடிவு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கும் முதுகு பிடித்துக்கொள்கிறதாம், குனிந்து பால் கொடுத்துக் கொடுத்து. அம்மைக்குப் படிக்கத எனக்கும் படியுங்களேன் அத்தை என்றாள். நாலைந்து நாளாக அவளுக்கும் படிக்கிறேன். நேற்று படுத்தவள் எழுந்திருக்க முடியாமல் பயணத்தைத் தள்ளி வைத்துவிட்டாள். அவளாகத்தான் கேட்டாள் மேடம், நானாகப் போய் எதுவும் சொல்லவில்லை.