தினமும் ஞாயிற்றுக்கிழமை

என் மனைவிக்கு நான் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிட்டதில்லை, மேடம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் தங்களுடைய சர்க்கரை மாத்திரையையே மறந்துவிட்டு மயங்கி விழுகிற ஆண்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, வெந்நீரோடு.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எங்கள் வட்டாரத்தில் ஒழுங்காக வண்டி ஓட்டுகிறவர் யாரைப் பார்த்தாலும் அவர் அவளிடம் திட்டு வாங்கியவர் என்று தைரியமாகச் சொல்லலாம். அபாரமான ஞாபகசக்தி அவளுக்கு. எந்த மாணவன் எந்த முனையில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்தான் என்பது வரை சொல்வாள். எந்தக் கல்யாணத்தில் நான் யாரிடம் என்ன உளறினேன் என்பதும் அதே தலைக்குள்தான் பத்திரமாக இருந்தது. அவளிடம் ஒரு ஜோக்கை இரண்டாவது தடவை சொல்ல முடியாது. "இதை உங்க தங்கச்சி வீட்லயே சொல்லிட்டீங்க. அப்பவும் யாரும் சிரிக்கல" என்பாள்.

அவளுக்குக் குடலில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். ஆனால் அதற்குள் அது கல்லீரல் வரை கிளை பரப்பியிருந்தது. புது மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அதை நடத்திய டாக்டர் இளவயதுக்காரர், பொறுமைசாலி. எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"நம்ம செல்லுக்குள்ள சரக்கெல்லாம் குட்டிக் குட்டிப் பையில கட்டித்தான் வெளிய போகும். அந்தப் பையைச் சுவர் வரைக்கும் கொண்டுபோய் அவுத்துக் கொட்ட ஒரு புரதம் இருக்கு. சுமை தூக்கற ஆள்னு வச்சுக்கோங்க. கட்டியில இவன் ஓய்வில்லாம வேலை செய்யறான். சுத்தி இருக்கற சதையைக் கரைக்கற சரக்கை வெளிய கொட்டறான். கரைஞ்ச வழியா கட்டி பரவுது. இந்த மாத்திரை அவன் கையைக் கட்டிப்போடும்."

"நல்லதுதானே" என்றேன்.

"ஒரு சிக்கல் இருக்கு சார். மூளையிலயும் இதே ஆள்தான். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்றதும் இந்த மாதிரி பையில வச்சுத்தான். அங்கயும் இவன் கை ஓய்ஞ்சுட்டா, புதுசா நடக்கறது எதுவும் மனசுல ஒட்டாது. பழசெல்லாம் இருக்கும். அப்படி ஏதாவது தெரிஞ்சா உடனே சொல்லிடுங்க, நிறுத்திடலாம். கொஞ்ச வாரத்துல பழையபடி ஆயிடுவாங்க."

என் மனைவி யோசித்தாள். "ரெண்டு இடத்துல வேலை பார்க்கறவன் ஏதாவது ஒரு இடத்துல தூங்கத்தான் செய்வான், டாக்டர். அவன் எங்க தூங்கறான்னு இவர் பார்த்துக்கட்டும்" என்று என்னைக் காட்டினாள். இந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்தது அவளேதான் என்பதைக் கவனியுங்கள்.

மருந்து வேலை செய்தது. ஒவ்வொரு ஸ்கேனிலும் புள்ளிகள் சுருங்கிக்கொண்டே வந்தன.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் கடையில் ஒன்று நடந்தது. ஒருவர் மனைவியோடு வந்து புதுக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். எதிரே இருந்த நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார், கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு "பழசே போதும்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். மறுநாள் இரவு சாப்பிடும்போது வாய் தவறி அதையே மறுபடி ஆரம்பித்துவிட்டேன். சுருக்கென்று ஏதாவது சொல்வாள் என்று பாதியில் நிறுத்தினேன்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள்.

முடித்தேன். அதே மாதிரி மேஜையைத் தட்டிச் சிரித்தாள்.

உடனே டாக்டருக்குப் போன் செய்திருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். போனைக் கையில் எடுக்கவும் செய்தேன். ஆனால் ஒரே ஒரு நாள் பார்ப்போம் என்று தோன்றியது. இத்தனை வருஷத்தில் என் பேச்சுக்கு யாரும் அப்படிச் சிரித்ததில்லை, மேடம்.

பிறகு ஸ்கேன் சுத்தமாக வந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. "இனிமே இது சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான். ஞாபகம் நல்லா இருந்தா தொடரலாம். துளி சந்தேகம் இருந்தாலும் நிறுத்திடலாம், ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். ஞாபகத்தைப் பரிசோதிக்க ஐந்து வார்த்தைகள் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டுத் திருப்பிக் கேட்பார். ரோஜா, சாவி, குருவி, படகு, செருப்பு. நான் டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பூவை முகர்ந்து காட்டினேன். பூட்டைத் திறந்தேன். இரண்டு கையையும் சிறகடித்தேன். துடுப்புப் போட்டேன். செருப்புக்குக் காலைத் தூக்கினால் போதும். என் மனைவிக்குக் குஷி தாங்கவில்லை, ஏதோ விளையாட்டு என்று நினைத்துப் பளிச் பளிச்சென்று சொன்னாள். "பிரமாதம்" என்று டாக்டர் குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் "இங்க எதுக்கு வந்தோம்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முன்பெல்லாம் நடக்கும்போது அவள் என் கையைப் பிடிக்கிற வழக்கம் இல்லை.

அவளுடைய தொழிலில் மட்டும் கொஞ்சம் தொந்தரவு இருந்தது. ஒரே பாடத்தைத் தினமும் நடத்தினாள். ரிவர்ஸில் வண்டியை நிறுத்துவது. மாணவர்கள் அதில் வல்லவர்கள் ஆகிவிட்டார்கள், ஆனால் யாருக்கும் முன்பக்கமாக ஓட்டத் தெரியவில்லை. ஒரு பையனின் அம்மா கடைக்கே வந்து, "என் பையன் வீட்டுக்கு ரிவர்ஸ்லயே வந்து சேர்றான் சார்" என்று புகார் சொன்னார். அதனால் டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். காரை விற்றேன். காலையில் எழுந்து கார் சாவியைத் தேடுவாள். "இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை" என்பேன். "அப்படியா, நல்லதாப் போச்சு" என்று திரும்பப் படுத்துக்கொள்வாள். உலகத்தில் யாருக்காவது தினமும் ஞாயிற்றுக்கிழமை வாய்க்குமா? நான் வாய்க்கவைத்தேன்.

வெளியூரில் இருக்கும் மகள் தான் கர்ப்பமாக இருப்பதைப் போனில் சொன்னாள். என் மனைவி ஆனந்தத்தில் அழுதாள். அடுத்த வாரம் மகள் வாந்தி நிற்கவில்லை என்றபோது, "ஏண்டி, கண்டதையும் சாப்பிட்டியா?" என்று கேட்டுவைத்தாள். அதிலிருந்து போனை நான் எடுக்கத் தொடங்கினேன். அம்மா தூங்குகிறாள், அம்மா குளிக்கிறாள், அம்மா பக்கத்து வீட்டில் இருக்கிறாள். மகள் விசனப்படக் கூடாது அல்லவா, பிள்ளைத்தாய்ச்சி.

என் மனைவி புத்திசாலி. அதை மறைக்க நான் விரும்பவில்லை. மூன்று தடவை அவளே கண்டுபிடித்தாள்.

முதல் தடவை மாத்திரைப் பெட்டியில் இருந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு, "இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். அவள் முகத்துக்கு நேராகப் பொய் சொல்ல எனக்கு வராது. அவள் நினைத்துக்கொண்டிருந்த மாதத்துக்கும் அதற்கும் வெகுதூரம். என்னைத் திட்டினாள், அழுதாள். நியாயமான கோபம், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டேன். ஏன் இப்படிச் செய்தேன் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இரண்டாம் தடவை மாத்திரைகளைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அலமாரியில் வேறு பெட்டி இருந்தது.

மூன்றாம் தடவைதான் சற்றுச் சிரமம். மறந்துவிடுவோம் என்று தெரிந்துகொண்டாள். "மாத்திரை வேண்டாம், டாக்டரைக் கூப்பிடணும். மாத்திரை வேண்டாம், டாக்டரைக் கூப்பிடணும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு நடந்தாள். போன் கூடத்தில் இருந்தது. நான் அவளைத் தொடவில்லை, வழியை மறிக்கவில்லை, போனை ஒளிக்கவில்லை.

"ஒரு சந்தேகம்" என்றேன். "சின்னச் சந்துல, ரெண்டு பக்கமும் வண்டி நின்னா, ரிவர்ஸ்ல எப்படி உள்ள விடறது?"

அவள் நின்றாள். உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ஆனால் சந்தேகம் கேட்டால், கற்றுக்கொடுக்கிறவளால் சொல்லாமல் போக முடியுமா? "முதல்ல ஸ்டியரிங்கைத் தொடாதீங்க" என்று ஆரம்பித்தாள். "எல்லாரும் பண்ற தப்பு அதுதான். பின்னாடி பாருங்க. அவசரப்படாதீங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு, கையால் காற்றில் ஸ்டியரிங் பிடித்து, அழகாக நடத்தி முடித்தாள். பிறகு போனைப் பார்த்தாள். "நான் எதுக்கு இங்க வந்தேன்?" என்றாள்.

"டீ போட" என்றேன்.

மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள், நிறைமாத வயிற்றோடு. கதவைத் திறந்த என் மனைவி வயிற்றைப் பார்த்து, "அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லலியே நீ" என்று கட்டிக்கொண்டாள். மகள் அவள் தோளுக்கு மேலாக என்னையே பார்த்தாள். அன்று இரவு நான் கண்ணாடிக்காரர் ஜோக்கைச் சொல்லியிருக்கக் கூடாது. பழக்கம் விடவில்லை. மறுநாள் இரவும் சொன்னேன். மகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, இதை நேத்தே சொன்னீங்க."

"அம்மாவுக்குப் பிடிக்கும்மா."

"அம்மா நேத்தும் இதே மாதிரிதான் மேஜையைத் தட்டினாங்க. நிறுத்துங்க."

காலையில் மாத்திரைப் பெட்டியோடு அவள் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டாள். அந்த முறை முதுகுக்குப் பின்னால் உட்கார நான் இல்லை. ஐந்து வார்த்தையில் ஒன்றுகூட வரவில்லையாம்.

நிறுத்தினார்கள். டாக்டர் சொன்னபடியே ஞாபகம் திரும்பிவிட்டது. கட்டி திரும்பவில்லை. இப்போது அவள் மகள் வீட்டில் இருக்கிறாள். பேரன் பிறந்திருக்கிறான். அங்கேயும் யாருக்கோ வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாளாம், முன்பக்கமாகவும். இடையில் போன ஒரு வருஷத்துக்கு மேலான காலம் மட்டும் அவளிடம் இல்லை. அது என்னிடம் இருக்கிறது, பத்திரமாக.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். நோய் போன பிறகும், அவள் நினைவு போவது தெரிந்தும், மாத்திரை கொடுத்தேன். டாக்டரை ஏமாற்றினேன். வேண்டாம் என்று அவள் வாயாலேயே சொன்ன நாளில் டீயில் கரைத்துக் கொடுத்தேன்.

ஆனால் அவள் என்மேல் புகார் கொடுத்திருக்கிறாள் என்பதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை, மேடம். நான் அவளிடம் எதையும் ஒளிக்கவில்லை. மூன்று தடவையும் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தடவையும் அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க, டீ குடிக்கலாமா?" என்று சிரித்தபடி கேட்டாள். மூன்று தடவையும் என்னை மனதார மன்னித்துவிட்டாள். அதை அவள் மறந்துவிட்டால் நான் என்ன செய்ய முடியும்?