யார் கேட்டாலும் சொல்லாதீங்க

...அதான் கேக்கறேன், ரெண்டு கம்ப்யூட்டர் ஒன்னோட ஒன்னு பேசறதுக்கு மூனு நாளாம்மா? நானும் என் நாத்தனாரும் சண்ட போட்டா கூட ரெண்டாவது நாள் பேசிடுவோம். உக்காருங்க. அய்யோ, அந்த நாற்காலி வேணாம், அது கண்ணு பரிசோதன பண்றதுக்கு, கால் பட்டா மேல தூக்கிட்டுப் போயிடும். என் எடத்துலயே உக்காருங்க. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, நான் பாட்டுக்கு ஓரமா நிக்கறேன். பேச மாட்டேன்.

நீங்கதானே அன்னிக்கு போன்ல எல்லாம் சொல்லிக் கொடுத்தது? கொரல வெச்சே கண்டுபுடிச்சுட்டேன். ஒரு அம்பது வயசு இருக்கும்னு நெனச்சேன்... தப்பா எடுத்துக்காதீங்க, அவ்வளவு பொறுமையா பேசினீங்க. இந்தக் காலத்துல பொறுமையா யாரு பேசறா? எங்க முதலாளியம்மா போன எடுத்தா 'சொல்லு'ன்னுதான் ஆரம்பிப்பாங்க, 'வை'ன்னு முடிப்பாங்க. நடுவுல நம்மளா ஏதாவது சொல்லிக்க வேண்டியதுதான்.

இன்னிக்குள்ள கனெக்ஷன் வரணும்னு அந்தம்மா ஒத்தக் கால்ல நிக்கறாங்க. எனக்கு என்னம்மா, பதினேழு வருஷமா கனெக்ஷன் இல்லாமத்தான் வேல பாத்தேன். வர்றவங்களுக்குக் கண்ணு பாத்ததும் பவர எழுதிக்குவேன். ரெண்டு தெரு தள்ளி லென்ஸ் பட்டற. போன் போட்டு, 'வலது மைனஸ் ரெண்டு, இடது மைனஸ் ஒன்னர'ன்னுவேன். லென்ஸ் தேய்க்கறவர் 'ம்'ம்பாரு. சாயந்திரம் கண்ணாடி வந்துடும். ஒரு நாளைக்கு முப்பது, நாப்பது 'ம்'. கம்பியும் வேணாம், கம்ப்யூட்டர் சாவியும் வேணாம்.

லென்ஸ் தேய்க்கறவர் யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே. எங்க வீட்டுக்காரர்தான்.

இப்ப அந்த 'ம்' கூட இல்ல. இன்னியோட பதினாலு நாள். வீட்டுல ஒரே ஹால், ஒரே ஃபேன், ஒரே டிவி. பேச்சு மட்டும் இல்ல. மொகத்த உம்முனு தூக்கி வெச்சுக்கிட்டு, எம் பொண்ணுகிட்ட, 'உங்கம்மாகிட்ட வண்டிச் சாவி எங்கன்னு கேளு'ங்கறாரு. நான் ரெண்டடி தூரத்துலதான் நிக்கறேன். நானும் விடுவேனா, 'உங்கப்பா சட்டப் பையிலயே இருக்குன்னு சொல்லு'ன்னேன். அவ புஸ்தகத்த மூடி வெச்சுட்டு, 'நான் என்ன, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போற ஒயரா?'ன்னு கேட்டா பாருங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவருக்கும் வந்துச்சு, ஆனா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

என்ன சண்டன்னா... நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே? அவருக்கு இப்பல்லாம் கிட்டத்துல பாத்தா மங்கலாத் தெரியுதாம். வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். ஆனா அவரு லென்ஸ் தேய்க்கறவராச்சே. லென்ஸ்ல ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் வெளிச்சத்துல காட்டிக் கண்டுபுடிக்கறவரு. எங்கிட்ட மட்டும் சொன்னாரு, காதும் காதும் வெச்ச மாதிரி ஒரு கண்ணாடி பண்ணிக்கலாம், யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. நானும் யார்கிட்டயும் சொல்லல. முதலாளியம்மாகிட்ட சொன்னேன், ஃப்ரேம் வெல கொறச்சுக் கேக்கணும் இல்ல? அப்புறம் நாத்தனார்கிட்ட, அவருக்குச் சொந்த அக்காளாச்சே. அப்புறம் கண்ணு பாக்க வந்த ஒரு அம்மா, தனக்கு மட்டும்தான் இப்படி ஆயிடுச்சுன்னு பாவம் கவலப்பட்டாங்க. அவங்கள ஆறுதல் படுத்தத்தான் சொன்னேன். அந்தம்மா பட்டறைல வேல பாக்கற ஒருத்தரோட மாமியாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் இவரு பட்டறைக்குப் போனா, மேஜ மேல பெரிய பூதக்கண்ணாடி ஒன்னு. ரிப்பன் கட்டி வெச்சிருந்தாங்களாம்.

அன்னிக்கு ராத்திரி ஒன்னே ஒன்னுதான் சொன்னாரு. 'ஓட்ட வாய்'னாரு. அப்புறம் வாயே தொறக்கல. திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டிட்டுப் போயிருப்பேன். திட்டாம போனதுதான் எனக்கு... சரி விடுங்க. என்னம்மா அது, செவப்பா ஏதோ வருதே? மறுபடியும் சரி வரலயா?

போன் நின்னுச்சா, நான் துண்டுச் சீட்டுல எழுதி அனுப்ப ஆரம்பிச்சேன். என் கையெழுத்து எனக்கே புரியாது. ஒரு டீச்சரம்மாவுக்கு வலது இடது மாறிப்போயி, இந்த வாசப்படில எறங்கும்போது படியத் தேடிக்கிட்டு நின்னாங்க. முதலாளியம்மா பாத்தாங்க. 'நீங்க ரெண்டு பேரும் பேசினா பேசுங்க, பேசாட்டி போங்க. என் கம்ப்யூட்டரும் பட்டற கம்ப்யூட்டரும் பேசிக்கட்டும்'னாங்க. அப்படித்தான் நீங்க வந்தீங்க எங்க வாழ்க்கைல.

அந்தச் சாவி வரைக்கும் நீங்க சொன்னத ஒன்னு விடாமப் பண்ணேம்மா. இங்க கடை சாஃப்ட்வேர்ல தட்டினேன், முப்பத்தாறு எழுத்துல ஒரு சாவி வந்துச்சு. ஒரே ஒரு தடவதான் காட்டும், எழுதிக்கோங்கன்னீங்க. எழுதிக்கிட்டேன். இந்தச் சாவி தெரிஞ்சவங்க நம்ம ஆர்டர், நம்மகிட்ட வர்றவங்க வெவரம் எல்லாத்தயும் எடுத்துடலாம், பட்டற சாஃப்ட்வேருக்கு மட்டும் கொடுங்க, வேற யார் கேட்டாலும் சொல்லாதீங்கன்னீங்க. எவ்வளவு பத்திரமா வெச்சிருக்கேன் தெரியுமா? அந்த டிராயரத் தொறங்க. கண்ணாடிக் கூடு எத்தன இருக்கு? இருநூத்தி நாப்பது. அதுல ஏழாவது வரிசைல பச்சக் கூடு. உள்ள தொடைக்கற துணிக்கு அடில. எம் பொண்ணுக்குத் தெரியாது, முதலாளியம்மாவுக்குத் தெரியாது. ஓட்ட வாயாம். வந்து பாக்கச் சொல்லுங்க.

பட்டறைல என்ன சாவி போட்டிருக்காங்கன்னு உங்களுக்கு இங்கயே தெரியுதா? பரவாயில்லயே. ரெண்டும் வேற வேறயா?... ஓ.

என்னம்மா செவத்தப் பாக்கறீங்க?

அது... கண்ணு பரிசோதன அட்ட. மேல பெருசா ஈ, அடுத்து எஃப், பி, அதுக்குக் கீழ டி, ஓ, இசட்... ஆமா. ஆமாம்மா. நாந்தான் சொன்னேன்.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. பதினோரு நாளா பேசாத மனுஷன் திடீர்னு போன் பண்றாரு. 'இங்க சாவி கேக்குது, சொல்லு'ங்கறாரு. ஒரு 'எப்படி இருக்கே' கெடையாது. நான் என்ன நெனப்பேன்? சோதிக்கறாருன்னுதானே நெனப்பேன்? இவ வாய்ல எது நிக்குதுன்னு பாக்கறாரு. நான் சொல்லிட்டா, 'பாத்தியா, ரகசியம்னு சொன்னதும் கொட்டிட்டே'ம்பாரு. நீங்களும் சாஃப்ட்வேருக்குத்தானே கொடுக்கச் சொன்னீங்க, இவரு சாஃப்ட்வேரா? மாட்டேன்னு சொல்லவும் மனசு வரல, போன வெச்சுடுவாரே. எதிர்ல இந்த அட்ட இருந்துச்சு. மேலேருந்து முப்பத்தாறு எழுத்து படிச்சுட்டேன். எவ்வளவு நேரம் பேசினோம் தெரியுமா, நாலு நிமிஷம். அவரு ஒவ்வொரு எழுத்துக்கும் 'ம்' சொன்னாரு.

சிரிக்காதீங்கம்மா. மூனு நாளா முதலாளியம்மா அந்த கம்ப்யூட்டரத் திட்டறாங்க, உங்களத் திட்டறாங்க, நானும் அவங்களோட சேந்து உங்களத் திட்டினேன். மன்னிச்சுக்கோங்க. அட்டயப் படிச்சுச் சொன்னத நான் எப்பவோ மறந்துட்டேன், ரகசியத்தக் காப்பாத்திட்டோம்னு மட்டும்தான் ஞாபகம்.

நானா? நானே போன் பண்ணணுமா? நீங்க பட்டறைக்குப் போயி... சரி. சரி, கொடுங்க.

ஹலோ... நான்தான். சாவி சொல்லத்தான் பண்ணேன். நெஜச் சாவி. அன்னிக்குச் சொன்னது... என்னது? தெரியுமா?

அம்மா, இவருக்கு அன்னிக்கே தெரியுமாம். மூனாவது எழுத்துலயே தெரிஞ்சுடுச்சாம். இருபது வருஷமா பாக்கற அட்ட எனக்கு மனப்பாடம் ஆகாதாங்கறாரு. பின்ன தெரிஞ்சும் எதுக்குங்க அதயே போட்டீங்க?... ம்... ம்... கனெக்ஷன் வரலன்னா நான் போன் பண்ணுவேன்னு பாத்தாராம். மூனு நாளா போன பக்கத்துலயே வெச்சுக்கிட்டு இருந்தாராம்.

இருங்க. எனக்கு அழுக வருது. ...இல்லங்க, உங்ககிட்ட இல்ல, இந்தம்மாகிட்ட சொன்னேன். உங்க கண்ணு விஷயத்த நான் சொல்லியிருக்கக் கூடாது. ஒருத்தர்கிட்ட கூட சொல்லியிருக்கக் கூடாது. ...இந்தம்மாகிட்டயா? இல்லங்க, இவங்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, எழுதிக்கோங்க. பெரிய கே. பெரிய கேங்க. ஏழு. சின்ன எம். மிசின் சத்தமா இருக்கா? அப்ப நான் சத்தமாவே சொல்றேன். ஏழு! சின்ன எம்! ரெண்டு ஒம்பது! பெரிய டபிள்யூ! ...அய்யா, ஃப்ரேம் பாத்துக்கிட்டு இருக்கீங்களே பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்கோங்க, வெளிச்சம் மறைக்குது... என்னது, ரெண்டு ஒம்பதுன்னா இருபத்தொம்பதா, ஒம்பது ஒம்பதான்னு கேக்கறீங்களா? ஒம்பது ஒம்பதுங்கய்யா. கேட்டுச்சா, அங்கயும் அதேதான் எழுதிக்கோங்க. வாசல்ல நிக்கறவங்களும் கேட்டுக்கட்டும், எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசறேன்...

முப்பத்தாறும் ஆச்சு. அங்க பச்சையா வந்துச்சாங்க? இங்கயும் வந்துடுச்சு! வெக்கறேன். சாயந்திரம் நீங்களே வந்து என்னக் கூட்டிட்டுப் போங்க.

என்னம்மா, தலைல கைய வெச்சுக்கிட்டீங்க? வந்துடுச்சே.

ஓ... கடை பூரா கேட்டுடுச்சா. பெரியவரு கைல எழுதி வேற வெச்சிருக்காரா. அப்ப இந்தச் சாவி செல்லாதா? புதுச் சாவி போட்டு, மறுபடியும் அவருக்கு நான் போன் பண்ணிச் சொல்லணுமா?

முப்பத்தாறு எழுத்தா?

பண்றேம்மா, எனக்கென்ன. இத தெனமும் மாத்தச் சொன்னா கூட மாத்தறேன்.