டைனமோ வெளிச்சத்திலை பார்த்த முத்து

சுவாமி, காலைப் பங்கர்க் குழிக்குள்ளை இழுத்துக்கொண்டு இருங்கோ. அந்தப் பக்கத்துப் பனங்குத்தி உக்கிப்போச்சு, அதிலை சாயாதேங்கோ. வெள்ளை அங்கி ஊத்தையாகும், அதுக்கு ஒண்டும் செய்யேலாது.

பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லமாட்டன். எனக்கும் பயந்தான். ஆனா குண்டு போடுற பொம்மரின்ரை சத்தம் எனக்கு நல்லா விளங்கும். இப்ப அது தொண்டைமானாற்றுப் பக்கம் போய்த் திரும்புது. இன்னும் சுத்தும். இந்த ஒழுங்கையிலை நான் 'போயிட்டுது' எண்டு சொன்னாப் பிறகுதான் சனம் பங்கரை விட்டு வெளிக்கிடும். மார்க்கண்டர் சொன்னால் சரியாயிருக்கும் எண்டு அதுகளுக்கு ஒரு எண்ணம். அது போகுமட்டும் கதைச்சுக்கொண்டு இருப்பம்.

என்னட்டை வேலை செய்த கனிசியஸின்ரை முப்பத்தோராம் நாள் பூசைக்கு என்னையும் வரச்சொல்லத்தானே வந்தனீங்கள். வாறதோ விடுறதோ எண்டதைப் பிறகு பாப்பம். பொம்மர் அடிச்சுத்தான் அவன் செத்தவன் எண்டு அச்சுவேலி முழுக்கத் தெரியும். அது பொய்யில்லை. மிச்சத்தை நீங்கள் கேக்கவேணும்.

கொழும்பிலை செட்டியார் தெருவிலை எனக்கு முத்துத் தரம் பிரிக்கிற வேலை. எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்திலை கடையை எரிச்சுப்போட்டாங்கள். உடுத்த சாறத்தோடை கப்பலிலை வந்திறங்கினனான். கொண்டுவர ஒண்டும் இருக்கேல்லை, என்ரை பேர்தான் இருந்தது. மார்க்கண்டர் நல்லதெண்டால் நல்லது, கூடாதெண்டால் கூடாது. கல்யாணம் பேசுற ஆக்கள் சங்கிலியையும் மாலையையும் என்னட்டைத்தான் கொண்டுவருவினம். அந்தப் பேரும் போனால் நான் வெறும் கிழவன், சுவாமி. அந்தப் பயம் எனக்குப் பொம்மருக்குப் பயப்பிடுறதை விடப் பெரிசு.

வளர்ப்பு முத்து எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியுமோ? சிப்பி ஓட்டிலை ஒரு மணியைக் கடைஞ்சு, உயிரோடை இருக்கிற சிப்பிக்குள்ளை வைச்சுக் கடலிலை விட்டிடுவினம். சிப்பி அந்த மணிக்கு மேலை தோல் போடும். தோல் தடிப்பமெண்டால் பேரப்பிள்ளை காலமட்டும் கிடக்கும். மெல்லிசெண்டால் வேர்வை பட்டே உரிஞ்சுபோம். பளபளப்பு, உருட்சி, நிறம் எல்லாம் கண்ணாலை பாக்கலாம். தோலைப் பாக்கத்தான் வெளிச்சம் வேணும். ஒரு தகரப்பேணியிலை சின்ன ஓட்டை போட்டு, உள்ளுக்கு விளக்கை வைச்சு, ஓட்டைக்கு மேலை முத்தை வைச்சு மெல்ல உருட்டவேணும். தோல் மெல்லிசெண்டால் உள்மணியின்ரை வரி வெளிச்சத்தை மறைக்கும், பிறகு விடும். முத்து கண் சிமிட்டுறமாதிரி இருக்கும். அப்பிடிச் சிமிட்டினால் அது கூடாத முத்து.

தொண்ணூறிலை கரண்ட் போச்சு. மண்ணெண்ணெய் விளக்கு உதுக்குக் காணாது. அதாலை சைக்கிளை ஸ்ராண்டிலை ஏத்தி, டைனமோவிலை பல்ப்பைக் கொழுவி, கனிசியஸை மிதிக்கச் சொன்னனான். அவன் குருநகரிலை கடல்தொழில் செய்தவன். முழங்காலிலை ஷெல் துண்டு பட்டு, இடம்பெயர்ந்து இஞ்சை வந்து, என்னட்டை மாலை கோத்துக்கொண்டு இருந்தவன். நல்ல பெடியன். நாற்பது வயசுக்காரனைப் பெடியன் எண்டுறன், எனக்கு அவன் அப்பிடித்தான்.

லூர்த்தம்மாவை உங்களுக்குத் தெரியும், உங்கடை கோயிலுக்கு வாறவ. அவவின்ரை தம்பி கப்பல்காரன். யப்பானிலை வாங்கின முத்துமாலை ஒண்டை அக்காவின்ரை பெட்டை அற்புதராணிக்குச் சீதனமாக் குடுத்தவன். மாப்பிளை வீட்டார் பண்டத்தரிப்புப் பக்கம். கல்யாண எழுத்துக்கு முதல் மாப்பிளையின்ரை தாய்க்காரி மாலையோடை வந்து, 'ஐயா, இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ' எண்டா. லூர்த்தம்மாவும் பக்கத்திலை சிரிச்சுக்கொண்டு நிண்டவ.

கனிசியஸ் மிதிச்சான். நான் உருட்டினன். ஒவ்வொரு முத்தும் சிமிட்டிச்சுது. 'தோல் மெல்லிசு, ரெண்டு வருசமும் நிக்காது' எண்டு சொன்னன். மாப்பிளையின்ரை தாய் மாலையை லூர்த்தம்மாவின்ரை கையிலை வைச்சிட்டு, 'எங்களை ஏமாத்தவோ பாத்தனீங்கள்?' எண்டு கேட்டுப்போட்டுப் போயிட்டா. கல்யாணம் நிண்டுபோச்சு. அந்தப் பெட்டை பிறகு வாசல் படி தாண்டேல்லையாம். எனக்குக் கவலைதான். ஆனா நான் என்ன செய்ய, கண்டதைத்தானே சொன்னனான்.

கேட்டியளோ? குண்டு புத்தூர்ப் பக்கம் விழுந்துது. தூரத்திலைதான், பயமில்லை. மண் கொட்டும், கண்ணைப் பொத்துங்கோ.

ஒரு கிழமை போக, கனிசியஸ் காலமை வந்து கதிரையிலை இருக்காமல் நிண்டுகொண்டு கதைச்சான். 'அண்ணை, நான் சொல்லுறனெண்டு கோவியாதேங்கோ. மிதிக்கேக்கை இந்த முழங்கால் ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்காப் பிடிக்குது. அப்ப பல்ப் மங்குது. சுவரிலை பாத்தனான். முத்து சிமிட்டேல்லை அண்ணை, வெளிச்சந்தான் சிமிட்டினது.'

நான் விசர்க்கதை கதையாதை எண்டு சொன்னன். அவன் சும்மா விடேல்லை. காரணம் சொல்லாமல் லூர்த்தம்மாவிட்டை மாலையை வாங்கிக்கொண்டே வந்திருக்கிறான். வெயிலைக் கண்ணாடித் துண்டாலை பேணிக்குள்ளை விழுத்தி, உருட்டிப் பாருங்கோ எண்டான். உருட்டினன். ஒரு முத்தும் சிமிட்டேல்லை, சுவாமி. தடிச்ச தோல். செட்டியார் தெருவிலையும் அப்பிடி ஒரு மாலையை நான் கையிலை எடுத்ததில்லை. அண்டுமட்டும் டைனமோவிலை பாத்துக் கழிச்சுவிட்ட மாலையெல்லாம் கண்ணுக்கு முன்னாலை வந்துது. எத்தினை வீடு, எத்தினை பெட்டையள்.

'இப்பவே போய்ச் சொல்லுவம் அண்ணை, மாப்பிளைப் பகுதி இன்னும் வேறை இடம் பேசேல்லையாம்' எண்டான். நான் கொஞ்ச நாள் பொறு எண்டன். 'நீங்கள் வராட்டி நான் தனியச் சொல்லுவன்' எண்டான். எனக்கு அவனிலை கோவமில்லை. மத்தியானம் சோறும் மீன்குழம்பும் போட்டுக் குடுத்தனான், ரெண்டுதரம் வாங்கிச் சாப்பிட்டான்.

சாப்பிட்டுக் கை கழுவேக்கைதான் பொம்மர் வந்துது. ரெண்டுபேரும் ஓடிவந்து இதுக்குள்ளை பூந்தம். நீங்கள் இப்ப இருக்கிற இடத்திலைதான் அவன் இருந்தவன். முதல் குண்டு சந்தைப் பக்கம் விழுந்துது. பிறகு சத்தம் குறைஞ்சுது. மாலையை மடியிலை கட்டிக்கொண்டு அவன் கேட்டான், 'அண்ணை, போயிட்டுதோ?'

நான் காதைக் குடுத்துக் கேட்டன். பொம்மர் வல்லை வெளியிலை திரும்பி, கீழை பதிஞ்சு வந்துகொண்டிருந்துது. தெளிவாக் கேட்டுது. ஓம், போயிட்டுது, நீ வெளிக்கிடு எண்டு சொன்னன்.

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசல் படலையடிக்குப் போனான். அவ்வளவுதான்.

நான் அவனைத் தள்ளேல்லை, சுவாமி. ஒரு சொல்லுத்தான் சொன்னனான். மாலையும் அவனோடை போச்சு. லூர்த்தம்மா செத்தவீட்டிலை என்ரை கையைப் பிடிச்சு அழுதவ. அவவுக்கு அப்ப உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன, மாலை இல்லையே, இல்லாத மாலைக்கு நான் எப்பிடித் தரம் சொல்லுறது?

ஏன் என்னை அப்பிடிப் பாக்கிறியள்? உங்கடை ஆக்கள் பாவசங்கீர்த்தனத்திலை காதிலை சொன்னதைச் சுவாமிமார் வெளியிலை விடமாட்டினம் எண்டு கனிசியஸ்தான் சொன்னவன். நான் சைவக்காரன். எனக்கும் அந்தச் சட்டம் பொருந்துமோ? என்ன சொல்லுறியள்? உண்மையைச் சொல்ல லூர்த்தம்மா வீட்டை நானும் உங்களோடை வரவேணுமோ? இண்டைக்கேயோ? அது நடவாது, சுவாமி. இந்த வயசிலை ஊரெல்லாம் என்னைப் பாத்துக் காறித் துப்பவோ?

எழும்பாதேங்கோ. சத்தம் கேக்கேல்லை எண்டு வெளிக்கிடுறியள் போலை. அது போகேல்லை. மேலை உயரத்திலை நிக்குது. இனித்தான் பதியும். இருங்கோ, நான் உண்மையாத்தான் சொல்லுறன்.

நம்ப மாட்டியள் என்ன? அவனுக்குப் போயிட்டுதெண்டு சொன்னவன், எனக்கு மட்டும் உண்மை சொல்லுவானோ எண்டு நினைக்கிறியள். இதுக்குள்ளை என்னோடை இருக்கவும் உங்களுக்குப் பயம். நியாயந்தான், நான் குறை சொல்லமாட்டன். அங்கியைப் பிடிச்சு இழுக்கலாம், கைக்கு எட்டுற தூரந்தான். ஆனா பெரிய மனிசரைத் தொட்டு இழுக்கிற பழக்கம் எங்களுக்கில்லை.

படியிலை பாத்துக் காலை வையுங்கோ.

போறார். படலையடிக்குப் போயிட்டார். இப்ப கேக்குது, வல்லைப் பக்கத்தாலை பதிஞ்சு வருது. இந்தமுறை நான் சரியாத்தான் சொன்னனான்.