வழுக்காத ஸ்க்ரூடிரைவர்

தம்பி: விலையை இன்னொரு தடவை சொல்லுங்க. எனக்குச் சரியா காதுல விழலை.

விற்க வந்தவர்: நாலாயிரத்து எண்ணூறு சார்.

தம்பி: சரியாத்தான் விழுந்திருக்கு. இது ஸ்க்ரூடிரைவர்தானே?

விற்க வந்தவர்: ஆமா சார்.

தம்பி: ஒண்ணுதானே?

விற்க வந்தவர்: ஒண்ணுதான். ஆனா முனையை மட்டும் கழட்டி மாத்திக்கலாம்…

தம்பி: கைப்பிடியில என்ன, தங்கம் பூசியிருக்கா?

அக்கா: டேய், அவரைக் கொஞ்சம் பேச விடேன். வந்ததுலேர்ந்து குறுக்கே குறுக்கே…

தம்பி: நான் எங்கே குறுக்கே பேசினேன்? விலையைக் கேட்டேன்.

அக்கா: மூணு தடவை கேட்டுட்டே. நீங்க சொல்லுங்க.

விற்க வந்தவர்: மேடம், இந்த உச்சியில ஆள்காட்டி விரலை வச்சு லேசா அமுக்கிக்கணும். உச்சி அசையாது. கீழே ரெண்டு விரலால திருப்பினா மத்ததெல்லாம் தானா சுத்தும்.

தம்பி: விலையைக் கேட்டதுலேர்ந்து எனக்கும் அப்படித்தான் இருக்கு.

அக்கா: முனை தேயுமா?

விற்க வந்தவர்: சீக்கிரத்துல தேயாது மேடம். ஸ்க்ரூ தலையில வெட்டு இருக்கில்ல, அதுல கச்சிதமா உக்காரும். வழுக்கவே வழுக்காது.

அக்கா: கேட்டியா?

தம்பி: கேட்டேன். விக்க வந்தவர் வழுக்கும்னா சொல்வாரு?

அக்கா: நம்மகிட்ட இருக்கிறதைப் பாரு. முனை மழுங்கிப்போச்சு. மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ எவ்வளவு பெருசு? எறும்புத் தலை அளவு. இந்த லட்சணத்துல அதை எப்படிடா முறுக்கறது?

தம்பி: இத்தனை வருஷம் எப்படி முறுக்கினியோ அப்படித்தான்.

அக்கா: அப்ப முனை இருந்துச்சு.

தம்பி: இப்பவும் இருக்கு. அரத்துல ரெண்டு தேய் தேய்ச்சா…

அக்கா: நீ கல்லாவுல உக்காந்து பில் போடறவன். வேலை மேஜையில உக்காந்து லென்ஸ் மாட்டறவ நான். எதுல முறுக்கணும்னு எனக்குத் தெரியாதா?

தம்பி: பில் போடறவனுக்குத்தான் நாலாயிரத்து எண்ணூறு எங்கேருந்து வரும்னு தெரியும்.

அக்கா: போன மாசம் வாசல்ல கலர் விளக்கு மாட்டினியே, அது எங்கேருந்து வந்துச்சு?

தம்பி: அது விளம்பரம்.

அக்கா: ஒரே வாரத்துல பாதி விளக்கு அணைஞ்சுபோச்சு. கடைப் பேர்ல பாதி எழுத்தைக் காணோம். நல்ல விளம்பரம்.

விற்க வந்தவர்: மேடம், சார்… நான் ஒண்ணு சொல்லட்டுமா?

தம்பி: விலை குறையுமா?

விற்க வந்தவர்: அது முடியாது சார். ஆனா இதை இங்கேயே வச்சுட்டுப் போறேன். எதிர்ல போய் டீ குடிச்சுட்டு, அடுத்த தெருவுல ரெண்டு கடையைப் பாத்துட்டு வரேன். அதுக்குள்ள மேடம் ஒரு ஃபிரேம் போட்டுப் பாக்கட்டும். பிடிக்கலைன்னா எடுத்துட்டுப் போயிடறேன். காசே வேண்டாம்.

அக்கா: இது நியாயம்.

தம்பி: வேண்டாம்.

விற்க வந்தவர்: சார்?

தம்பி: போட்டெல்லாம் பாக்க வேண்டாம். எடுத்துட்டுப் போங்க.

அக்கா: ஏன்டா?

தம்பி: ஒரு கீறல் விழுந்தா நம்ம தலையில கட்டிடுவாங்க.

விற்க வந்தவர்: சத்தியமா கட்ட மாட்டேன் சார்.

தம்பி: வெளிச்சம் சரியில்லை.

அக்கா: மேஜை விளக்கு எரியுதே, கண்ணு தெரியலையா?

தம்பி: ஃபேன் ஓடுது. ஸ்க்ரூ பறந்துடும்.

அக்கா: நிறுத்து. சுவிட்ச் உன் முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு.

தம்பி: நிறுத்தினா கஸ்டமருக்கு வேர்க்கும்.

அக்கா: கடையில எந்தக் கஸ்டமருடா இருக்காங்க இப்ப?

விற்க வந்தவர்: சார், நானும் எத்தனையோ கடை ஏறி இறங்கியிருக்கேன். விலை அதிகம்னு திட்டியிருக்காங்க. சும்மா தொட்டுப் பாருங்கன்னு சொன்னதுக்கு யாரும் இப்படிப் பயந்ததில்லை.

தம்பி: யாரு பயந்தா?

அக்கா: நீங்க வச்சுட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன். இவன்கிட்ட பேசினா பொழுது விடிஞ்சு பொழுது போயிடும்.

விற்க வந்தவர்: டீ குடிச்சுட்டு வந்துடறேன் மேடம். சார், உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா?

தம்பி: வேண்டாம், எனக்கு டீயும் வேண்டாம்.

அக்கா: …போயிட்டாரு. மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டுப் போறாரு பாவம். ஒரு மனுஷன் தானா வந்து சும்மா தரேங்கறான், நீ என்னடான்னா…

தம்பி: எங்கே கையை நீட்டறே?

அக்கா: எடுத்துப் பாக்கறேன்.

தம்பி: அதான் பாத்தாச்சே.

அக்கா: அங்கே ஃபிரேம் இருக்கு. அதை இப்படித் தள்ளு.

தம்பி: அக்கா, வை அதை.

அக்கா: ஃபிரேமைத் தாடா.

தம்பி: தர மாட்டேன்.

அக்கா: என்ன, சின்னப் பிள்ளை மாதிரி முதுகுக்குப் பின்னால ஒளிக்கறே? ஐம்பது வயசாகப் போகுது. உன் பொண்ணு பாத்தா சிரிப்பா.

தம்பி: சிரிக்கட்டும்.

அக்கா: இந்தப் பிடிவாதம் உனக்கு யார்கிட்டேருந்து வந்துச்சோ. வாத்தியாரம்மா வந்து அன்னிக்கு என்ன பேச்சு பேசினாங்க, நீயும் இங்கதானே நின்னே?

தம்பி: நின்னேன்.

அக்கா: புது லென்ஸ்ல ஓரமா கீறல். ஸ்க்ரூ தலை பூரா சுரண்டிக் கிடக்கு. இதுக்குத்தான் உங்ககிட்ட வரோமான்னு கேட்டுட்டாங்க. அத்தனை பேர் முன்னால. நான் வாயைத் திறக்கலை.

தம்பி: வேற லென்ஸ் போட்டுக் குடுத்தோமே.

அக்கா: லென்ஸ் குடுத்தோம். போன பேரை எந்தப் பெட்டியிலேருந்து எடுத்துக் குடுக்கறது? அதுக்குத்தான் கேக்கறேன். வழுக்காத ஒண்ணு இருந்தா வாங்கிட்டுப் போலாமே. இதுல என்ன உனக்கு நஷ்டம்? கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

தம்பி: கஞ்சத்தனம் இல்லை.

அக்கா: பின்னே?

தம்பி: விடுக்கா.

அக்கா: விட மாட்டேன். இன்னிக்குச் சொல்லிட்டுத்தான் நகரணும். அது நல்ல சாமானா, இல்லையா?

தம்பி: நல்ல சாமான்தான்.

அக்கா: அந்தக் காசுக்குத் தகுமா, தகாதா?

தம்பி: தகும்.

அக்கா: நம்மகிட்ட அந்தக் காசு இருக்கா, இல்லையா?

தம்பி: இருக்கு.

அக்கா: அப்புறம் எதுக்குடா இவ்வளவு நேரம் என் உயிரை வாங்கினே?

தம்பி: நல்ல சாமான்கறதாலதான் வேண்டாம்கறேன்.

அக்கா: இது என்ன புதுசா உளறல்?

தம்பி: வாங்கிடலாம்க்கா. இப்பவே வாங்கிடலாம். அதை வச்சு முறுக்கறே… அதுவும் வழுக்குது. அப்புறம் எதைக் குத்தம் சொல்வே? இப்ப முனை மழுங்கிடுச்சுன்னு திட்டிட்டு நிம்மதியா உக்காந்திருக்கே. அதையும் பிடுங்கிக்கணுமா நான்? அதான் விலையைச் சொன்னேன், ஃபேனைச் சொன்னேன், வாயில வந்ததையெல்லாம் சொன்னேன்.

அக்கா: …ஃபிரேமை மேஜையில வை.

தம்பி: உன் கை நடுங்குதுக்கா. எனக்குத் தெரியும்.

அக்கா: எப்பலேருந்து?

தம்பி: மழைக்கு முன்னாலேருந்து. காபி டம்ளரை ரெண்டு கையால பிடிக்க ஆரம்பிச்சே. குளிருதுன்னு சொன்னே. அன்னிக்குக் குளிரவே இல்லை.

அக்கா: தெரிஞ்சுதான் மத்தியானம் நான் சாப்பிட்டுப் படுத்ததும், நான் போட்டதையெல்லாம் கழட்டி மறுபடி முறுக்கிட்டு இருக்கியா?

தம்பி: …அது உனக்கு எப்படி…

அக்கா: என் வேலையை எனக்கு அடையாளம் தெரியாதா? நான் போட்டா இப்பல்லாம் கொஞ்சம் லூசா இருக்கும். ஸ்க்ரூ தலையை நாய் கடிச்ச மாதிரி பண்ணி வச்சிருக்க மாட்டேன்.

தம்பி: லூசா விட்டா லென்ஸ் கழண்டு விழுந்துடுமேன்னு…

அக்கா: வாத்தியாரம்மா லென்ஸ்ல கீறினது யாரு?

தம்பி: …நான்தான்.

அக்கா: நான் அத்தனை பேச்சு வாங்கினேனே. பக்கத்துல மரம் மாதிரி நின்னியேடா.

தம்பி: நான்தான்னு சொன்னா, நீ எதுக்குக் கை வச்சேன்னு கேப்பே. கேட்டா உன் கையைப் பத்திப் பேசணும். அந்த அம்மா முன்னால அதை எப்படிப் பேசறது? என்னை நாலு திட்டு திட்டிடு.

அக்கா: உன்னைத் திட்டி என்ன ஆகப் போகுது. டாக்டர்கிட்டப் போனேன்.

தம்பி: எப்ப?

அக்கா: வாங்கின துணியை ஜவுளிக்கடையில மாத்திட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னிக்கு.

தம்பி: அதான் அதே துணியோட திரும்பி வந்தியா… என்ன சொன்னாரு?

அக்கா: குறையாதாம். மாத்திரை போட்டா, கூடறது மெதுவாக் கூடுமாம். அவ்வளவுதான். நல்லா அழுதேன், பஸ் ஸ்டாண்டுல உக்காந்து. பக்கத்துல இருந்த பொம்பளை பஸ்ஸை விட்டுட்டேன்னு நினைச்சு, அடுத்த பஸ் வந்துடும்மான்னு தேத்தினா.

தம்பி: எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா.

அக்கா: நீ சொன்னியா?

தம்பி: …சரி. அந்த ஆளு வந்தா திருப்பிக் குடுத்துடலாம். எந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கினாலும் கை நிக்கப் போறதில்லைன்னு உனக்கே தெரிஞ்சிருக்கு. அப்புறமும் இவ்வளவு நேரமா எதுக்கு எனக்கு அதை வாங்கிக் குடு, வாங்கிக் குடுன்னு பிடிச்சுட்டு நின்னே?

அக்கா: எனக்குன்னு எப்படா சொன்னேன்? வாங்கலாம்னுதான் சொன்னேன். நாளையிலேருந்து மேஜையில நீதான் உக்காரப் போறே.